அஸ்பெஸ்டஸ் தூசால் நோயுற்றவர்களுக்குச் சட்டத்தில் வழி உண்டு

(மடுல்கெல்லவில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் சங்க அமைப்பாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாத தோழர்களுக்காக இங்கே முழுமையாக வெளியிடுகிறோம்.)



சம்பளம், கைக்காசு, வேலை நாள் என்று நாம் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். அதை இன்றைக்குக் கொஞ்சம் தள்ளி வைக்கிறோம். காரணம், சில மாதங்களாகச் சங்கத்துக்கு ஒரே மாதிரியான கேள்வி வந்துகொண்டிருக்கிறது. பெக்டரியில் பல வருஷம் வேலை செய்து ஓய்வெடுத்தவர்கள், கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய் வந்தவர்கள், அவர்களுடைய மனைவிமார் வந்து கேட்கிறார்கள்: "மாடி ஏற முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை. இது வேலையால் வந்த வருத்தமா? வேலையால் வந்தது என்றால் யாரைக் கேட்பது?"

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வைத்தியர். இரண்டாம் பாதிக்குப் பதில் தேட வேண்டியது நாம். அந்தப் பதில் எங்கே இருக்கிறது, அதை அடைய என்ன வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

தூசு எங்கே இருக்கிறது

அஸ்பெஸ்டஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கூரைச் சீட். பழைய லயங்களில் தகரம் இத்துப்போன பிறகு பல இடங்களில் அஸ்பெஸ்டஸ் சீட்தான் போடப்பட்டது. பிள்ளைக் காம்பராவுக்கும் அதுதான், எங்களில் பலர் படிப்பிக்கும் பாடசாலைகளுக்கும் அதுதான்.

அஸ்பெஸ்டஸ் என்பது பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கல். ஆனால் அடித்தால் நூல் நூலாகப் பிரியும். நெருப்புப் பிடிக்காது, சூட்டைக் கடத்தாது. அதனால்தான் சீமெந்தோடு கலந்து சீட் செய்தார்கள். சூடான குழாய்களைச் சுற்றிக் கட்டினார்கள். இயந்திரங்களின் மூட்டுகளில் பெக்கிங் வைத்தார்கள். லொறி, டிரக்டர் பிரேக்குகளிலும் போட்டார்கள்.

இப்போது நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். பழைய தேயிலை பெக்டரியில் டிரையர் பக்கம், சூட்டடுப்புப் பக்கம் நின்றவர்கள். குழாயில் சுற்றியிருந்த பழைய கட்டைப் பிய்த்துப் புதிது சுற்றியவர்கள். கராஜில் பிரேக் தூசை வாயால் ஊதித் தட்டியவர்கள். லயத்துக் கூரையில் ஏறிச் சீட் வெட்டி, ஓட்டை போட்டு, ஆணி அடித்தவர்கள். மூடிப்போன பெக்டரிகளை உடைத்து இரும்பும் பலகையும் பிரித்தவர்கள். கொழும்பில் பாஸ்மாருக்குக் கையாளாக நின்று கிரைண்டரில் சீட் அறுத்த நம் பையன்கள். இவர்களில் ஒருவருக்காவது "இந்தத் தூசு ஆபத்து" என்று வேலை கொடுத்தவர் சொல்லியிருப்பாரா? வாயில் கட்ட ஒரு லேஞ்சித் துண்டாவது கொடுத்திருப்பாரா? அப்படிக் கொடுத்திருந்தாலும், துணியால் இந்த இழையைத் தடுக்க முடியாது. அது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது.

இன்னொருவரையும் மறக்க வேண்டாம். அந்த வேலை உடுப்பைப் பீலிக்கரையில் உதறித் துவைத்த மனைவி. புருஷன் செய்த வேலையின் தூசு மனைவிக்கு நோயான சம்பவங்கள் உலகத்தில் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

நோய் ஏன் இவ்வளவு பிந்தி வருகிறது

மூச்சோடு உள்ளே போன இழை நுரையீரலின் அடியில் தங்கிவிடும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. சுற்றிலும் தழும்பு விழும். நாளாக ஆக நுரையீரல் இறுகி, விரிய முடியாமல் போகும். இதுதான் அஸ்பெஸ்டோசிஸ். இதைவிட நுரையீரல் புற்றுநோயும் வரலாம். நெஞ்சுக்கூட்டின் உள்உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வரலாம். இந்தக் கடைசி நோய் மற்றக் காரணங்களால் வருவது அரிது. வந்தால், அந்த ஆள் எங்கேயோ அஸ்பெஸ்டஸோடு பழகியிருக்கிறார் என்றுதான் வைத்தியர்கள் முதலில் யோசிப்பார்கள்.

இவை இன்றைக்குத் தூசு பட்டு நாளைக்கு வருபவை அல்ல. 10 வருஷம், 20 வருஷம், சிலருக்கு 40 வருஷமும் கழித்துத்தான் வெளியே தெரியும். இருபது வயதில் குழாய் சுற்றியவருக்கு அறுபதில் மூச்சு முட்டும். அப்போது அந்த பெக்டரி மூடியிருக்கும், அந்த துரை போயிருப்பார், கம்பனியின் பெயரே மாறியிருக்கும். சட்டத்தில் நமக்கு வரும் கஷ்டங்களில் பாதி இந்த நீண்ட இடைவெளியால் வருவது.

உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சொல்லியிருக்கிறது. சீட்டில் இருப்பது வெள்ளை அஸ்பெஸ்டஸ், அது ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். உலகில் 60க்கும் மேற்பட்ட நாடுகள் வெள்ளையையும் சேர்த்துத் தடை செய்துவிட்டன. பிரித்தானியா 1999இல், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இல், கனடா 2018இல் தடை செய்தன.

பயமுறுத்துவது எங்கள் நோக்கம் அல்ல

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கூரையைப் பிரித்துவிடாதீர்கள். உடையாமல், வெட்டாமல், கிடந்தபடி கிடக்கும் சீட் அதிகம் தூசு விடாது. வெட்டும்போது, துளைக்கும்போது, பாசியைச் சுரண்டும்போது, காற்றில் உடைந்து நொறுங்கும்போதுதான் ஆபத்து. உடைந்த துண்டைத் தொட வேண்டி வந்தால் நன்றாக நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். உடைந்த துண்டைப் பிள்ளைகள் விளையாட விடாதீர்கள், தோட்டப் பாதைக்குப் போட்டு மிதிக்கவும் வேண்டாம்.

இருமுகிற எல்லோருக்கும் அஸ்பெஸ்டஸ் நோய் என்றும் நினைக்காதீர்கள். விறகுப் புகை, பெக்டரியில் தேயிலைத் தூசு, பீடி சிகரட், காசநோய் எல்லாமே இருமல் கொடுக்கும். ஆனால் நம் லயங்களில் இதற்கு நேர்மாறான பிழை ஒன்று நடக்கிறது. இருமல் என்றதும் "டீபி" என்று முடிவு கட்டிவிடுகிறோம். வெட்கப்பட்டு மறைக்கிறோம். சளிப் பரிசோதனையில் டீபி இல்லை என்று வந்தால், "அப்படியென்றால் ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுகிறோம். டீபி இல்லை என்றால் வேறு என்ன என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசாங்கத்தின் மார்புநோய் கிளினிக் இருக்கிறது. கண்டியிலும் இருக்கிறது. அங்கே காசு இல்லாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

அங்கே போகும்போது வைத்தியரிடம் "தோட்டத்தில் வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். தோட்டத்தில் வேலை என்றால் கொழுந்து எடுப்பது என்றுதான் அவர் நினைப்பார். "பெக்டரியில் இத்தனை வருஷம் டிரையர் குழாய்க்குக் கட்டுச் சுற்றினேன்", "கொழும்பில் சீட் அறுத்தேன்" என்று சொல்லுங்கள். அதை உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். அந்த ஒரு வரி பிறகு சட்டத்தில் பெரிய சாட்சி.

மற்ற நாடுகளில் தொழிலாளர் எப்படி வென்றார்கள், எங்கே தோற்றார்கள்

1924இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெல்லி கெர்ஷோ என்ற பெண் இறந்தார். வயது 33. அஸ்பெஸ்டஸ் நூல் நூற்கும் ஆலையில் வேலை செய்தவர். நோயில் கிடந்தபோது அவர் உதவி கேட்டார். கம்பனி மறுத்தது. சொன்ன காரணம், அந்த நோய் நட்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் இல்லை என்பது. இறுதிக் கிரியைச் செலவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த வைத்தியர் குக் அதை மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகு அரசாங்கம் விசாரித்தது. 1931இல் அஸ்பெஸ்டஸ் ஆலைகளுக்குச் சட்ட விதிகள் வந்தன. நெல்லிக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஆனால் மரணத்துக்குப் பிறகு நடந்த ஒரு பரிசோதனையும் அதை எழுதி வைத்த தாளும் மற்றவர்களுக்கு வழி திறந்தன. இதை மனதில் வையுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

தென்னாபிரிக்காவில் கேப் என்ற பிரித்தானியக் கம்பனி அஸ்பெஸ்டஸ் சுரங்கங்களை நடத்தியது. நோயுற்ற தொழிலாளரும் சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களும் நட்டஈடு கேட்டார்கள். தங்கள் நாட்டில் அந்த வழக்கை நடத்த அவர்களுக்குச் சட்ட உதவியோ காசோ இல்லை. ஆகவே கம்பனியின் தலைமையகம் இருந்த லண்டனில் வழக்குப் போட்டார்கள். "தென்னாபிரிக்காவுக்கே போங்கள்" என்றது கம்பனி. 2000ஆம் ஆண்டில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: அங்கே ஏழைகளுக்கு வழக்கு நடத்த வழி இல்லை, ஆகவே இங்கேயே நடக்கட்டும். 2003இல் சமரசம் வந்தது. சுமார் 7,500 பேர் சார்பில் கம்பனி 75 லட்சம் பவுண் கொடுத்தது. ஆளுக்குப் பிரித்தால் பெரிய தொகை இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பலர் இறந்தும் போனார்கள். ஆனால் சட்ட உதவி இல்லாதது அநியாயம் என்பதை ஒரு பெரிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இந்தியாவுக்கு வருவோம். அகமதாபாத்தில் உள்ள நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி நிலையம் என்ற அமைப்பு, அஸ்பெஸ்டஸ் தொழிலாளருக்காக உச்ச நீதிமன்றம் போனது. 1995 ஜனவரி 27இல் தீர்ப்பு. தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய வாழும் உரிமையின் பகுதி, அது அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. நோய் உறுதியான ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு லட்சம் இந்திய ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதோடு இன்னொரு கட்டளை இட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் கம்பனி பாதுகாக்க வேண்டும். நோய் 40 வருஷம் கழித்து வரும் என்றால் தாளும் 40 வருஷம் இருக்க வேண்டும். எவ்வளவு நியாயமான கட்டளை! நம் தோட்டங்களில் பழைய செக்ரோல் எத்தனை வருஷத்துக்கு இருக்கிறது என்று உங்கள் ஒப்பிஸில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தோற்ற இடமும் உண்டு. இத்தாலியில் எடர்நிட் கம்பனியின் சீட் ஆலைகளால் ஏராளமானோர் இறந்தார்கள். 2012இல் டூரின் நீதிமன்றம் கம்பனியின் பழைய உரிமையாளருக்கு 16 வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தது. அடுத்த வருஷம் மேன்முறையீட்டில் அது 18 ஆனது. 2014 நவம்பரில் நாட்டின் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. குற்றம் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. காலம் கடந்துவிட்டது என்றது. சாட்சி இருந்தும், நோய் இருந்தும், காலக்கெடு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

நம் நாட்டில் எந்தக் கதவுகள்

முதல் கதவு, வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். வேலையில் விபத்து நடந்தால் நட்டஈடு வாங்குவது இதன் கீழ்தான் என்று உங்களில் பலருக்குத் தெரியும். விபத்து மட்டும் அல்ல, வேலையால் வரும் நோயும் இதில் இருக்கிறது. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இன்ன வேலை, அதனால் வரும் இன்ன நோய் என்று பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலுக்குள் வந்தால், நோயை விபத்தைப் போலவே கணக்கெடுப்பார்கள். ஆகவே சட்டத்தரணியிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வைத்தியர் எழுதிய நோயும் எங்கள் ஆள் செய்த வேலையும் இந்த அட்டவணையில் எந்த இடத்தில் பொருந்தும்?" நெல்லி கெர்ஷோவுக்கு என்ன பதில் கிடைத்தது என்று பார்த்தோம். அந்தப் பதிலை இன்னொரு முறை கேட்காமல் இருக்கத்தான் இந்தக் கேள்வி.

விண்ணப்பத்தை நட்டஈட்டு ஆணையாளர் விசாரிப்பார். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உச்சத் தொகை ஐந்தரை லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. எல்லோருக்கும் 20 லட்சம் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. சம்பளத்தையும் பாதிப்பின் அளவையும் வைத்துத்தான் கணக்கு. தொழிலாளி இறந்துபோயிருந்தால் நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். அவர் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பார். ஆகவே மரண வீட்டுக்கு வந்து, ஒரு சிறு தொகையை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், போடாதீர்கள். தாளை வாங்கிச் சங்கத்திடம் கொண்டு வாருங்கள்.

இரண்டாம் கதவு, மாவட்ட நீதிமன்றத்தில் சேதம் கேட்கும் சிவில் வழக்கு. முதலாளியின் கவலையீனத்தால் எனக்கு இந்தக் கேடு வந்தது என்று நிரூபிக்க வேண்டும். இதற்குக் காலக்கெடு இரண்டு வருஷம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. முதல் கதவுக்கும் கெடு உண்டு. ஆகவே நோய்க்குப் பெயர் எழுதிய அறிக்கை கையில் வந்த அந்த வாரமே வாருங்கள். தீபாவளி முடியட்டும், திருவிழா முடியட்டும், மகள் கலியாணம் முடியட்டும் என்று பொறுக்காதீர்கள். இரண்டு கதவில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சட்டத்தரணியோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றில் நுழைந்தால் மற்றது மூடிவிடக் கூடும்.

"சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு எங்கே?" என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லும், வழக்கும் பேசும். கண்டியிலும் அதன் நிலையம் இருக்கிறது. அடையாள அட்டையும் வருமானத்துக்கான கிராம உத்தியோகத்தர் கடிதமும் கொண்டு போங்கள். இது பிச்சை அல்ல, உங்களுக்காகச் சட்டத்தில் எழுதப்பட்ட உதவி. தமிழில் பேசவும் தமிழில் எழுதிக் கொடுக்கவும் நமக்கு உரிமை உண்டு. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் படிவம் நீட்டினால், விளங்காமல் கைநாட்டு வைக்க வேண்டாம்.

மூன்றாவது, தொழில் திணைக்களம். பெக்டரிகளின் பாதுகாப்பைப் பரிசோதிக்க 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இன்றைக்கும் உங்கள் பெக்டரியில் பழைய கட்டைப் பிரிக்கும் வேலை நடந்தால், கண்டி தொழில் அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். இது நோயாளிக்கான கதவு அல்ல. இன்னும் நோயாளி ஆகாதவனுக்கான கதவு.

"எந்த முதலாளி?" என்ற சிக்கல்

நமக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. பிறகு ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் பெரும்பாலானவை கம்பனிகளுக்குக் கைமாறின. கண்டிப் பக்கம் சில தோட்டங்கள் இன்னும் அரசாங்கத்தின் கையில்தான். 1980இல் குழாய் சுற்றியவர் இன்றைக்கு யார் மேல் முறையிடுவது? இப்போதைய கம்பனி "அப்போது நாங்கள் இல்லை" என்று சொல்லும்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கலாம். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்தக் காலத்தில் எந்த முதலாளி உங்களுக்குப் பணம் கட்டினார் என்பது அதில் பதிவாகும். கொழும்பில் கொன்ட்ராக்காரரிடம் வேலை செய்த பையன்களுக்கு இது இல்லாமல் போவதுதான் பெரிய துயரம். ஆகவே அங்கே போகும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: சேமலாப நிதி கட்டாத வேலை, நாளைக்கு நீ அங்கே வேலை செய்தாய் என்பதையே மறுக்கும் வேலை.

இன்றைக்கு நாம் எடுக்கும் தீர்மானங்கள்

பேசிவிட்டுக் கலையக் கூடாது. ஐந்து காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, வேலை வரலாற்றுக் கொப்பி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சீ.ஆர் கொப்பி. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எந்த வருஷம் எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், என்ன வேலை செய்தார்கள், கூட யார் வேலை செய்தார்கள் என்று எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். எங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் இதைச் சொல்லிக் கொடுப்போம். கூட வேலை செய்தவரின் பெயர் மிக முக்கியம். செக்ரோல் அழிந்துபோனாலும், "நானும் அவரும் ஒன்றாகத்தான் அந்தக் குழாயைச் சுற்றினோம்" என்று சத்தியக்கடதாசி கொடுக்க ஒருவர் உயிரோடு இருந்தால் வழக்கு உயிரோடு இருக்கும்.

இரண்டு, தாள்களைக் காப்பாற்றுவது. கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துத் துண்டு, சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில். எக்ஸ்ரேயை ஜன்னல் ஓட்டைக்கு அடைக்காதீர்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் பார்த்திருக்கிறோம்.

மூன்று, பட்டியல். பெக்டரியிலும் கராஜிலும் கூரை வேலையிலும் இருந்து மூச்சு வருத்தப்படுகிறவர்களின் பட்டியலைத் தோட்டத் தலைவர் எடுக்க வேண்டும். மாதர் தலைவிகள் பெண்களைத் தனியாகக் கேட்க வேண்டும். பெண்கள் தங்கள் இருமலைச் சொல்ல மாட்டார்கள், புருஷனின் இருமலைத்தான் சொல்வார்கள். பட்டியலில் உள்ளவர்களைக் குழுவாக மார்புநோய் கிளினிக்குக்கு அழைத்துப் போவோம். தனியாகப் போனால் ஒரு நாள் பெயர் போய்விடும் என்ற பயம் இருக்கும். சங்கம் கூட வரும்.

நான்கு, இதுதான் சொல்லக் கஷ்டமானது. நாங்கள் நெல்லி கெர்ஷோவின் கதைக்குத் திரும்புகிறோம். மூச்சு வருத்தத்தில் கிடந்தவர் இறந்தால், நம் வழக்கம் என்ன? உடம்பைச் சீக்கிரம் லயத்துக்குக் கொண்டுவர வேண்டும், தப்பு அடிக்க வேண்டும், பிந்தாமல் அடக்கம் செய்ய வேண்டும். உடம்பை அறுக்கக் கூடாது என்று பெரியவர்கள் அழுவார்கள். அந்த அழுகையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் மரணச் சான்றிதழில் "இருதயம் நின்றது" என்று மட்டும் எழுதி வந்தால், அந்தக் குடும்பம் பிறகு எதையும் நிரூபிக்க முடியாமல் போகலாம். வேலையால் வந்த நோய் என்று வைத்தியர் முன்பே சந்தேகப்பட்டிருந்தால், பிரேத பரிசோதனை கேட்பதா இல்லையா என்று குடும்பம் அமைதியாக இருக்கும்போதே, நோயாளி உயிரோடு இருக்கும்போதே பேசி வைக்க வேண்டும். அவரையும் கேளுங்கள். தன் உடம்பைப் பற்றி முடிவு சொல்ல அவருக்குத்தான் முதல் உரிமை. வேண்டாம் என்றால் வேண்டாம், சங்கம் வற்புறுத்தாது. வேண்டும் என்றால் சட்ட வைத்திய அதிகாரியிடம் கூட வருவோம்.

ஐந்து, இனிமேல் யாருக்கும் தூசு படாமல் பார்ப்பது. சீட் மாற்றும் வேலையை நம் ஆட்களைக் கொண்டு நாட்கூலிக்குச் செய்விப்பதை ஏற்க வேண்டாம். நனைக்காமல், முகமூடி இல்லாமல், கிரைண்டரால் அறுக்கும் வேலை என்றால் கை வைக்க மறுக்கலாம். மறுத்தவனுக்கு ஒரு நாள் பெயர் வெட்டினால் அது சங்கத்தின் பிரச்சினை, அவனுடைய பிரச்சினை அல்ல.

நம் தேயிலையும் இந்தச் சீட்டும்

கடைசியாக ஒரு விஷயம். அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்தி, படிப்படியாக நிறுத்துவதாக நம் அரசாங்கம் முடிவு செய்திருந்தது. உலகத்தில் அஸ்பெஸ்டஸ் அதிகம் வெட்டி எடுக்கும் நாடு ரஷ்யா. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் நம் அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் ரஷ்யாவும் தேயிலைத் தடையை நீக்கியது.

இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்களே யோசியுங்கள். நாங்கள் சொல்வது ஒன்றுதான். நாம் பறித்த கொழுந்தின் பெயரால் பேசப்பட்ட பேரத்தில், நம் கூரையின் மேல் கிடக்கும் சீட்டைப் பற்றியும் நம் நெஞ்சுக்குள் போகும் தூசைப் பற்றியும் யாரும் நம்மைக் கேட்கவில்லை. தேயிலை விற்க வேண்டும், அது நம் சோறு. ஆனால் அதற்கு விலையாக நம் நுரையீரலைக் கொடுக்க நாம் சம்மதித்ததாக எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை.

தோழர்களே, நட்டஈடு போன மூச்சைத் திருப்பித் தராது. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் "இது உன் விதி அல்ல, உன் வேலையால் வந்தது, அதற்கு ஒருவர் பொறுப்பு" என்று ஓர் ஆணையாளரோ நீதிபதியோ எழுதிக் கொடுக்கும்போது, அந்தத் தொழிலாளி தலை நிமிர்வான். அடுத்த கம்பனி அடுத்த சீட்டை அறுக்கச் சொல்வதற்கு முன் யோசிக்கும்.

வருகிற சந்தாக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தங்கள் பட்டியலோடு வர வேண்டும். பெயர், வயது, செய்த வேலை, எத்தனை வருஷம், இப்போது என்ன வருத்தம். இந்த ஐந்தும் போதும். எழுத முடியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு எங்களிடம் வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். ஆங்கிலத்தில் இருக்கும் வைத்திய அறிக்கைகளையும் வாசித்துச் சொல்கிறோம்.